முதல் அமர்வில் என்ன நடக்கும்? மனநல சிகிச்சை குறித்து வாசகர் கேள்விகள்

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் நோய்களைப் பற்றிய கேள்விகளே வழக்கமாக அதிகம் இருக்கும். அண்மைக்காலமாக வேறொரு வகைக் கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது: போவதென்று முடிவு செய்துவிட்டோம், போனால் என்ன நடக்கும்? இந்த இதழில் அத்தகைய கடிதங்களுக்கு மட்டும் பதில் தருகிறோம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியும் சுருக்கியும் கடிதங்களை வெளியிட்டிருக்கிறோம்.

மேடம், எனக்கு 34 வயது. ஒரு வங்கியில் காசாளராக இருக்கிறேன். சில மாதங்களாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது. ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டோம், ஒன்றுமில்லை என்கிறார்கள். எங்கள் குடும்ப மருத்துவர் ஓர் உளவியலாளரின் பெயரை எழுதிக் கொடுத்து, தெரபி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அங்கே போய் என்ன பேசுவது? குடும்ப விஷயங்களை எல்லாம் முதல் நாளே சொல்லியாக வேண்டுமா? பேசினால் படபடப்பு எப்படி நிற்கும் என்று என் கணவர் கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.
– வாசகி, ஈரோடு

அன்புச் சகோதரிக்கு, உடல் பரிசோதனைகளை முதலில் முடித்துக்கொண்டது நல்லதாயிற்று. தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் இதே போன்ற படபடப்பு வரும். அந்த முடிவுகளையும், இப்போது ஏதேனும் மாத்திரை சாப்பிடுவதாக இருந்தால் அதன் சீட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

போனவுடன் ஒரு படிவம் தருவார்கள். பெயர், வயது, முன்பு எடுத்த சிகிச்சைகள், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள ஒருவருடைய எண் ஆகியவற்றை அதில் கேட்டிருப்பார்கள். அதனுடன் ஓர் ஒப்புதல் படிவமும் இருக்கும். கட்டணம் எவ்வளவு, அமர்வு எவ்வளவு நேரம், வர முடியாவிட்டால் எவ்வளவு முன்னதாகச் சொல்ல வேண்டும், நீங்கள் பேசுவது எந்தெந்தச் சூழலில் மட்டும் வெளியே போகும் என்பவை அதில் இருக்க வேண்டும். வங்கியில் இருப்பவர் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படித்துப் பார்த்துப் புரிந்த பிறகே கையெழுத்திடுங்கள். பல இடங்களில் மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாளும், பதற்றத்துக்கான ஜிஏடி-7 என்ற ஏழு கேள்விகள் கொண்ட தாளும் தருவார்கள். கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம், பசி, கவலை, சோர்வு முதலியவை எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். அந்த மதிப்பெண் மட்டும் நோயை முடிவு செய்வதில்லை. சில வாரங்கள் கழித்து அதே தாளை மீண்டும் நிரப்பச் சொல்லும்போது, முன்னேற்றம் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் அது பெரிதும் பயன்படும்.

ஓர் அமர்வு பொதுவாக 45 முதல் 50 நிமிடங்கள் நடக்கும். முதல் அமர்வு சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். என்ன பேசுவது என்று நீங்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டு போக வேண்டியதில்லை, ஏனெனில் முதல் இரண்டு மூன்று அமர்வுகளில் கேள்வி கேட்பது பெரும்பாலும் அவர் வேலை. உறக்கம், உணவு, வேலை, வளர்ந்த சூழல், வீட்டில் யார் யார் என்று கேட்பார். வாழ வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா என்றும் கேட்பார். அதை எல்லோரிடமும் கேட்பது நடைமுறை. உங்களிடம் மட்டும் கேட்டுவிட்டதாக எண்ணிப் பதற வேண்டாம். குடும்பத்தில் உள்ள எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 'இதைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை' என்று சொன்னால் நல்ல சிகிச்சையாளர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இனி உங்கள் கணவர் கேட்ட கேள்வி. கடைசியாக எப்போது படபடத்தது என்று உளவியலாளர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிக்கடி வரும் என்ற பதிலோடு அவர் விட்டுவிட மாட்டார். நாளையும் நேரத்தையும் கேட்பார். திங்கட்கிழமை காலை, வரிசை வாசல் வரை நின்றது, ஐந்நூறு ரூபாய்க் கட்டு ஒன்றை எண்ணிக்கொண்டிருந்தேன் என்கிறீர்கள். முதலில் உடம்பில் எதைக் கவனித்தீர்கள்? நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போட்டது. அப்போது மனத்தில் என்ன ஓடியது? எல்லோர் முன்னாலும் மயங்கி விழுந்துவிடுவேன் என்று தோன்றியது. அதன் பிறகு? படபடப்பு இரண்டு மடங்கானது, எண்ணிக்கை தவறியது, பக்கத்துக் கவுண்டரில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். விழுந்தீர்களா? இல்லை. இதுவரை ஒருமுறையாவது விழுந்ததுண்டா? இல்லை. எழுந்து போயிராவிட்டால் விழுந்திருப்பீர்களா? தெரியாது.

அந்தத் 'தெரியாது' என்ற இடத்திலிருந்துதான் சிகிச்சை தொடங்குகிறது. நெஞ்சுத் துடிப்பை ஆபத்து என்று மனம் படித்ததும் உடல் இன்னும் கொஞ்சம் அட்ரினலினைச் சுரக்கிறது. அதனால் துடிப்பு கூடுகிறது. கூடிய துடிப்பு ஆபத்துக்குச் சாட்சியாகிறது. எழுந்து ஓடியவுடன் ஆசுவாசம் கிடைப்பதால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. அடுத்த திங்கட்கிழமை இன்னும் சீக்கிரம் எழுந்துகொள்ளத் தோன்றுகிறது. சில அமர்வுகளுக்குப் பிறகு உளவியலாளர் உங்களை அறையிலேயே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்லலாம், அல்லது மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லலாம். அதே படபடப்பு வரும். நீங்கள் உட்காராமலும் தண்ணீர் குடிக்காமலும் நின்றபடியே அது உச்சிக்குப் போய்த் தானாகத் தணிவதைப் பார்ப்பீர்கள். பதற்றத்தின்போது ரத்த அழுத்தம் பொதுவாகச் சற்று ஏறுகிறது, மயக்கமோ அழுத்தம் இறங்கும்போது வருவது என்ற விளக்கமும் உங்களுக்குக் கிடைக்கும். பிறகு அதையே கூட்டமில்லாத நாளில் கவுண்டரிலும், அதற்கப்புறம் மாதத் தொடக்கத்தின் கூட்டத்திலும் செய்து பார்ப்பீர்கள். பேச்சோடு இந்தப் பயிற்சியும் சேர்ந்துதான் படபடப்பைக் குறைக்கிறது என்று கணவரிடம் சொல்லுங்கள்.

நான் சொன்னது அறிதல்–நடத்தை சிகிச்சை என்ற முறை. 1960-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் மனச்சோர்வுக்காக உருவாக்கியது, பின்னர் பதற்ற நோய்களுக்கும் விரிந்தது. வாரம் ஒன்றாகப் பத்திலிருந்து பதினைந்து அமர்வுகள் வரை திட்டமிடுவது வழக்கம். இடையில் வீட்டுப்பாடம் உண்டு: படபடப்பு வந்த நேரம், அப்போது ஓடிய எண்ணம், அதற்குப் பின் செய்தது என்று ஒரு குறிப்பேட்டில் நான்கு வரி. அமர்வுக்கு வருவதோடு நின்றுவிடுபவர்களைவிட இந்த நான்கு வரியை எழுதுபவர்கள் விரைவாகத் தேறுகிறார்கள்.

முதல் நாள் நீங்களும் அவரைக் கேட்கலாம்; கேட்க வேண்டும். உங்கள் பயிற்சி என்ன, இப்படிப்பட்ட தொல்லையோடு வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உண்டா, எந்த முறையில் செய்யப்போகிறீர்கள், பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வோம்? இவற்றுக்கு முகம் சுளிப்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். முதல் மணி நேரத்திலேயே நோயின் பெயரையும் காரணத்தையும் தீர்வையும் அடுக்கிச் சொல்பவரிடமும் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. முதல் அமர்வை மதிய உணவு இடைவேளையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்குப் பாரம் இறங்கியது போலிருக்கும். சிலருக்கு, முன்பின் தெரியாதவரிடம் இவ்வளவு சொல்லிவிட்டோமே என்ற கூச்சம் வரும். பெரும்பாலோருக்கு அசதியாக இருக்கும். அதன் பிறகு உடனே கவுண்டரில் போய் உட்கார்ந்து பணம் எண்ணும் நிலை வேண்டாம்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். என் அம்மா இறந்ததிலிருந்து மனைவி சரியாக இல்லை. தஞ்சாவூருக்குப் போகச் சொல்கிறார்கள். ஆனால் பலகைகளில் சைக்யாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட், கவுன்சலர், லைஃப் கோச், ஹீலர் என்று பல பெயர்கள் இருக்கின்றன. யாரிடம் போவது? வாரத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கொடுத்துப் பல வாரம் போக எங்களுக்கு வசதியில்லை.
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

ஐயா, சைக்யாட்ரிஸ்ட் எனப்படும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, பிறகு மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதும் தகுதி அவருக்கு உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பரிசோதனைகளும் பேச்சு சிகிச்சையும் அவருடைய துறை. இவர்களில் பெரும்பாலோர் முதுகலைக்குப் பிறகு இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்கள். பதிவெண் என்ன என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். கவுன்சலர் என்ற பெயரில் உளவியலோ சமூகப்பணியோ முறையாகப் படித்த நல்லவர்களும் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். இதை ஒழுங்குபடுத்துவதற்கான சட்டம் 2021-இல்தான் வந்தது. லைஃப் கோச், ஹீலர் என்று பலகை மாட்டிக்கொள்ள எந்தத் தகுதியும் தேவையில்லை. அவர்களிடம் சிகிச்சைக்குப் போகாதீர்கள்.

மாமியாரை இழந்த துயரம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். துயரத்துக்கு எப்போதும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. ஆனால் பல மாதங்கள் ஆகியும் சாப்பாடும் உறக்கமும் கெட்டு, வீட்டு வேலையோ குழந்தைகளோ எதுவும் பொருட்டில்லை என்று ஆகியிருந்தால் முதலில் மனநல மருத்துவர் ஒருமுறை பார்ப்பது நல்லது. அதற்குத் தஞ்சாவூர் வரை போகத் தேவையில்லை. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், மனநலப் பிரிவின் புறநோயாளிகள் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவும் குறிப்பிட்ட நாட்களில் வட்டார மருத்துவமனைகளுக்கு வருகிறது. உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று அங்கேயே சொல்வார்கள். சிகிச்சையும் மருந்தும் இலவசம். (சென்னை வாசகர்களுக்கு: 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தில் உள்நோயாளிகள் மட்டுமே இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அங்கும் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது.)

அரசு மருத்துவமனைக் கூட்டத்தில் வாராவாரம் முக்கால் மணி நேரம் ஒருவருக்கென்றே ஒதுக்குவது எளிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மருத்துவர் பார்த்து முடித்ததும், இங்கே உளவியலாளர் இருக்கிறாரா, கூட்டம் குறைந்த நேரத்தில் அவரைத் தனியாகப் பார்க்க முடியுமா என்று நீங்களாகக் கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரைச் சீட்டு மட்டுமே கிடைக்கிறது. தனியாரிடம் போவதானால் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேளுங்கள். வசதிக்கேற்பக் கட்டணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உளவியல் துறையுள்ள சில கல்லூரிகளில் பயிற்சி மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். தொடக்கத்தில் வாரம் ஒருமுறையும் பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் வருவதாகப் பேசிக்கொள்ளலாம். காப்பீடு வைத்திருந்தால் ஒரு செய்தி: உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே பணம் தருபவை என்பதால், வெளியிலிருந்து வந்து போகும் அமர்வுகளின் செலவு பெரும்பாலும் கைப்பணம்தான்.

என் மகனுக்கு 19 வயது. கல்லூரிக்குப் போகாமல் அறையிலேயே கிடக்கிறான். அவனுக்குப் புத்திமதி சொல்லக்கூடிய ஒரு நல்ல கவுன்சலர் வேண்டும். அவன் உள்ளே என்ன பேசினான் என்பதை அவர் எங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கட்டுவது நாங்கள்தானே?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நீங்கள் கேட்கும் இரண்டுமே சிகிச்சையில் நடக்காது.

புத்திமதிக்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை. உங்கள் மகன் அதை ஏற்கெனவே போதுமான அளவுக்குக் கேட்டிருப்பான். அதனால் கதவைச் சாத்திக்கொண்டும் இருக்கலாம். ஏன் கல்லூரிக்குப் போக முடியவில்லை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உளவியலாளரின் முதல் வேலை. பாடம் புரியாமல் இருக்கலாம், ராகிங் இருக்கலாம், காதல் முறிவோ, போதைப் பழக்கமோ, மனச்சோர்வோ, இந்த வயதில் தொடங்கக்கூடிய தீவிரமான மனநோயின் ஆரம்பமோ இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. தனக்குத்தானே பேசுவது, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்வது, குளிக்காமல் இருப்பது போன்றவற்றை நீங்கள் கவனித்திருந்தால் கவுன்சலரிடம் போகாமல் நேரே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பணம் யார் கட்டினாலும் 18 வயது நிறைந்தவர் பேசியது அவருக்குச் சொந்தம். 2017-ஆம் ஆண்டின் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. அதற்கு விலக்குகள் உண்டு: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேரும் நிலை, நீதிமன்ற ஆணை போன்றவை. குழந்தை ஒன்று பாலியல் வன்முறைக்கு ஆளாவது தெரியவந்தால் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் கட்டளை. இவற்றை முதல் அமர்வில் அவனிடமே சொல்லிவிடுவார்கள். அப்பாவிடம் போய்விடும் என்று தெரிந்தால் எந்தப் பையன் வாய் திறப்பான்?

உங்களை முற்றிலும் வெளியே நிறுத்திவிடுவார்கள் என்று பொருளல்ல. முதல் நாள் நீங்கள் கவனித்தவற்றைச் சொல்லத் தனியாகப் பத்து நிமிடம் கேட்கலாம். பிறகு மகனின் சம்மதத்தோடு, பொதுவாக எப்படி இருக்கிறான், வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம் என்பவற்றைப் பேச அவ்வப்போது அழைப்பார்கள். வீடு திரும்பும் வழியில், 'என்னடா பேசினே, என்னைப் பற்றி என்ன சொன்னே?' என்று மட்டும் கேட்காதீர்கள். ஏதாவது கடையில் நிறுத்தி டீயோ அல்வாவோ வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள், போதும்.

நான்கு அமர்வுகள் முடிந்துவிட்டன. ஒவ்வொரு முறையும் அழுதுவிட்டு வருகிறேன், அன்று இரவு உறக்கமும் வருவதில்லை. என் தெரபிஸ்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதைச் செய், அதைச் செய் என்று எதுவும் சொல்வதில்லை. நிறுத்திவிடலாமா என்று தோன்றுகிறது. அவரிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.
– வாசகி, சென்னை

தோழி, நீண்ட காலம் மூடி வைத்திருந்ததைப் பேசத் தொடங்கும்போது தொடக்க வாரங்களில் வேதனை கூடுவது பலருக்கும் நேர்வது. ஆகவே அழுகையை மட்டும் வைத்து, இது சரியில்லை என்று முடிவெடுக்க வேண்டாம். அதே சமயம், வலித்தால்தான் சிகிச்சை என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். அழுத முகத்தோடு உங்களைத் தெருவுக்கு அனுப்பாமல், கடைசிப் பத்து நிமிடத்தைப் பேச்சை ஆற்றி நிலைக்குக் கொண்டுவருவதற்கு ஒதுக்குவது சிகிச்சையாளரின் பொறுப்பு. உங்களுடையவர் மணி ஆனதும் கதவைத் திறந்துவிடுகிறாரா? அப்படியானால் அதைச் சொல்லுங்கள்.

அறிவுரை தராததைப் பொறுத்தவரை, வேலையை விடு, விவாகரத்து வாங்கு, அம்மாவோடு பேசாதே என்று உங்கள் வாழ்க்கை முடிவுகளை அவர் எடுத்துத் தரக் கூடாது. கேள்விகளாலும் கவனமான செவியாலும் நீங்களே வழி காணச் செய்யும் சிகிச்சை மரபும் உண்டு. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் அதை நிலைநிறுத்தினார். ஆனால் எந்த மரபானாலும், நான்காவது அமர்வு முடியும்போது நாம் எதற்காகச் சந்திக்கிறோம், எதை நோக்கிப் போகிறோம் என்பது உங்கள் இருவருக்கும் ஒரே மாதிரி தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் அது உங்கள் குறையல்ல.

நிறுத்துவதற்கு முன் ஐந்தாவது அமர்வுக்கு ஒருமுறை போய், உட்கார்ந்தவுடன் இதையே பேசுங்கள். 'ஒவ்வொரு முறையும் போகும்போது எனக்கு மோசமாக இருக்கிறது, நாம் எங்கே போகிறோம் என்று புரியவில்லை' என்ற ஒரே வாக்கியம் போதும். எதிரில் இருப்பவரின் முகம் கோணக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே வளர்க்கப்படும் நம் பெண்களுக்கு அந்த வாக்கியத்தைச் சொல்வதே பெரிய வேலை. அதைச் சொல்லிப் பழகுவதற்கு அந்த அறையைவிடப் பாதுகாப்பான இடம் கிடைப்பது அரிது. நல்லவராக இருந்தால் அவர் நன்றி சொல்லிவிட்டு முறையை மாற்றுவார், வேகத்தைக் குறைப்பார், அல்லது வேறொருவரைப் பரிந்துரைப்பார். எந்த முறை என்பதைப் போலவே, சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையே அமையும் இணக்கமும் பலனைத் தீர்மானிக்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிய வந்தது. ஆகவே ஒத்துவரவில்லை என்று மாறுவதில் துரோகம் எதுவுமில்லை. 'இனி வரவில்லை' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலும் போதும். முடிந்தால் கடைசியாக ஓர் அமர்வு வைத்து முடிப்பது உங்களுக்கே நல்லது.

பேசிப் பார்க்காமல் உடனே வெளியேற வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. சிகிச்சையாளர் தொடுகிறார், வெளியே சந்திக்க அழைக்கிறார், கடன் கேட்கிறார், உங்கள் கதையை விட்டுத் தன் கதையைச் சொல்கிறார், அடி வாங்கியதற்கு உங்களையே குறை சொல்கிறார், தன் சாமியாரிடம் அழைத்துப் போகிறேன் என்கிறார் என்றால் யோசிக்காதீர்கள். தன்பாலீர்ப்பை மாற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், அத்தகைய முயற்சிகளுக்கு 2021-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்துவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையை ஒரு மாதமாகச் சாப்பிடுகிறேன். இப்போது தெரபியும் தொடங்கிவிட்டேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், ஓசூர்

நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். திடீரென விட்டால் தலைசுற்றல், எரிச்சல், உறக்கக் கேடு வரலாம். மிதமான நிலையில் பேச்சு சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருப்பதுண்டு. தீவிர நிலையில் இரண்டும் சேர்ந்தால் பலன் கூடும். இருமுனைய நோய், மனச்சிதைவு போன்றவற்றில் மருந்தே அடித்தளம். எப்போது குறைப்பது, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்பதை எழுதிக் கொடுத்தவரிடமே கேளுங்கள். மாத்திரை சாப்பிடுவதை உளவியலாளரிடமும், அமர்வுக்குப் போவதை மருத்துவரிடமும் மறைக்க வேண்டாம்.

எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தெரபிக்குப் போவது பதிவாகிவிட்டால் அரசு வேலைக்கும் கல்யாணத்துக்கும் தடை வரும் என்று அம்மா பயப்படுகிறார்.
– வாசகர், நாமக்கல்

தம்பி, நீங்கள் போய் வந்தது எந்தப் பொதுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. சிகிச்சையாளர் குறிப்புகள் வைத்திருப்பார்; அவை ரகசியமானவை. உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வேலையில் சேரும்போது மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் நேரடியாகக் கேள்வி கேட்டிருந்தால் மட்டும் உண்மையை எழுத வேண்டும்.

திருமணத்தைப் பொறுத்தவரை, இந்து திருமணச் சட்டம் தடையாகச் சொல்வது திருமண வாழ்க்கைக்கே தகுதியற்ற அளவிலான மனக்கோளாறை. தேர்வுப் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ ஒருவரிடம் போய்ப் பேசியது அதில் அடங்காது. சட்டம் ஒருபுறம் இருக்க, நிச்சயம் ஆவதற்கு முன் அந்தப் பெண்ணிடம் நீங்களே தனியாகச் சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. எப்போது, எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதையே ஓர் அமர்வில் பேசிக்கொள்ளலாம். தரகரிடமும் பெரியப்பாவிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஹாஸ்டல் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். ஆன்லைன் தெரபி பயன்படுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதற்றம், மனச்சோர்வு போன்றவற்றுக்குக் காணொளி அமர்வுகளும் நன்றாகவே பயன்படுகின்றன. உங்களுக்கு வேண்டியது யாரும் கேட்காத ஓர் இடமும் ஒரு ஹெட்ஃபோனும். மொட்டை மாடி, காலியான வகுப்பறை என எதையாவது வாரத்தில் ஒரே நேரத்துக்கு உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் முகவரியையும் அவசரத் தொடர்பு எண்ணையும் அவர் கேட்பார்; கேட்காதவரிடம் போக வேண்டாம். செயலிகளில் சேரும்போது சிகிச்சையாளரின் முழுப் பெயரும் தகுதியும் தெரியாமல் மொத்தமாகப் பணம் கட்டிவிடாதீர்கள்.

முதல் அமர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் சில இரவுகளில் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம்

இந்தக் கடிதத்துக்குத் தபாலிலேயே பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருப்பவர்களுக்காக இங்கும் தருகிறோம்.

மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். என்ன நடந்தது, இப்போது தனியாக இருக்கிறீர்களா என்று கேட்பார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைப்பார். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையமும் இதற்காகவே இருக்கிறது.

இன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள்; இரவில் தனியாகப் படுக்காதீர்கள். பூச்சிமருந்தோ தேவைக்கு மேல் மாத்திரைகளோ வீட்டில் இருந்தால் அவரிடம் ஒப்படைத்து அகற்றச் சொல்லுங்கள். எண்ணம் கட்டுக்கு மீறினால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், எந்த நேரமானாலும். போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்ச வேண்டாம்: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. காலையில் உங்கள் உளவியலாளரின் அலுவலகத்தை அழைத்து, இரவில் எப்படி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லி, அமர்வின் தேதியை முன்கூட்டித் தரக் கேளுங்கள். யாராவது வராமல் போனால் அந்த நேரத்தை இத்தகையவர்களுக்குத்தான் முதலில் தருவார்கள்.